டீச்சர் நெற்றியில் இருந்த சாம்பல்

டீச்சர் இறந்த செய்தி நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் வந்ததிலிருந்து கைப்பேசி ஓயவில்லை. கூப்பிய கைகள், மெழுகுவர்த்தி, வெள்ளைப் புறா என்று படம் படமாக வந்து விழுகிறது. 'அர்ப்பணிப்பின் சிகரம்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 'ஏணியாய் நின்றவர்' என்று இன்னொருவர். ஒரு புண்ணியவான் வேறு யாருக்கோ எழுதியதை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார். அதில் 'கணித மேதை' என்று இருக்கிறது. நம் டீச்சர் மலாய் அல்லவா சொல்லிக் கொடுத்தார். எல்லோரும் சேர்ந்து அவரை உயரத்தில் ஏற்றி வைத்துவிட்டோம். அந்த வருடம் நம் தோட்டத்தில் அவருக்கு நடந்ததை மட்டும் ஒருவரும் எழுதவில்லை. மறந்திருக்க முடியாது. எழுத வெட்கம், அவ்வளவுதான்.

எனக்கும் வெட்கம்தான். ஆனால் அறுபதைத் தாண்டியாகிவிட்டது, முழங்கால் பேச்சைக் கேட்பதில்லை, சர்க்கரை இருக்கிறது. இனி எதை மிச்சம் வைத்து என்ன செய்யப் போகிறோம். எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். பொறுமை இல்லாதவர்கள் புறாவையே பார்த்துக்கொண்டிருக்கலாம்.

ரப்பர்ப் பால்மரங்கள் இலை உதிர்க்கும் காலம் அது. சுங்கை சிப்புட்டிலிருந்து கோலா கங்சார் போகும் வழியில் இப்போது எண்ணெய்ச் செம்பனை நிற்கும் இடமெல்லாம் அப்போது நம் தோட்டம். தைப்பூசம் முடிந்தால் காடு சிவக்கும், பிறகு மொட்டையாகும். வெயில் தடுப்பாரில்லாமல் தரையில் இறங்கும். சருகின் மேல் நடந்தால் பக்கத்தில் வருபவர் பேசுவது கேட்காது. மரத்தில் பால் குறையும், வீட்டில் கையிருப்பு குறையும், எல்லோருக்கும் கோபம் மட்டும் கூடும். நம் பெரியவர்கள் அந்த வருடம் செய்த காரியங்களுக்கு அந்த வெயிலும் ஒரு காரணம் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. இல்லையென்றால் அவர்களை மன்னிப்பது கஷ்டம்.

டீச்சர் பட்டணத்தில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தார். பஸ்ஸில் வந்து சாலையில் இறங்கி, குடையை விரித்துக்கொண்டு, செம்மண் பாதையில் நடந்து வருவார். காக்கி நிறக் குடை அது, கைப்பிடியில் துணி சுற்றியிருக்கும். சேலையில் முகப்பவுடர் வாசனையும் பஸ் புகை வாசனையும் கலந்து வரும். கழுத்துச் சங்கிலியில் சின்னதாக ஒரு சிலுவை. காலையில் நாம் தேவாரம் பாடும்போது கைகட்டி நிற்பார். அவர் பாடமாட்டார். ஆனால் நம்மில் யாராவது ஒரு வரியை விழுங்கினால் அவர் கண் நேராக அங்கே போகும்.

அந்தக் கண்ணாடியை யாராவது நினைவு வைத்திருக்கிறீர்களா? சிவப்புப் பிளாஸ்டிக் விளிம்பு வைத்த சின்னக் கண்ணாடி. மலாய்ச் சொல்லைச் சொல்லும்போது நம் வாய் எப்படிப் போகிறது என்று அதில் பார்க்க வேண்டும். முதலில் நாம் சிரித்துத் தீர்த்தோம். சொந்த வாயை அவ்வளவு பக்கத்தில் யார் பார்த்திருக்கிறோம்? பையன்கள் பல்லை மட்டும் பார்த்துவிட்டு அடுத்தவனிடம் தள்ளுவார்கள். டீச்சர் சிரிக்கவும் மாட்டார், திட்டவும் மாட்டார். "மறுபடி சொல்லு," என்பார். வரும்வரை அதே வார்த்தைதான்.

சனிக்கிழமைகளிலும் வருவார். பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் எடுக்காத வீடு, ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கும் பெண்கள், இப்படி யாரையாவது கூட்டிக்கொண்டு பட்டணம் போவார். கவுண்டரில் அவர்களுக்காக மலாய் பேசுவார். சர்ச்சில் பாட்டுக்குழுவிலும் இருந்தார், சின்னப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசமும் சொல்லிக் கொடுத்தார். ஓய்வு என்று ஒன்று அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று நம் அம்மாக்கள் தண்ணீர்க் குழாயடியில் நிறையப் பேசினார்கள். அவர் காதில் விழும்படியே பேசினார்கள்.

தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்து வெளியே போகும் பிள்ளைகள் பட்டணத்தில் முதலில் ரிமூவ் என்னும் புகுமுக வகுப்பில் உட்கார வேண்டும். அங்கே எல்லாம் மலாய். நமக்கு முன் போனவர்கள் பாதிப்பேர் ஒரு வருடத்துக்குள் திரும்பி வந்துவிட்டார்கள், வாத்தியார் சொல்வது ஒன்றும் புரியவில்லை என்று. டீச்சர் அதைப் பொறுக்கமாட்டாமல்தான் சாயங்கால வகுப்பு ஆரம்பித்தார். பள்ளி விட்டு, வீட்டுக்குப் போய் முகம் கழுவி வந்து, வெளிச்சம் இருக்கும்வரை படிப்போம்.

என் பக்கத்து வீட்டுத் தோழியை உங்கள் எல்லோருக்கும் தெரியும். பம்பைக்காரர் மகள். நம் வகுப்பில் கண்ணாடியைப் பார்க்காமலே சரியாகச் சொன்னவள் அவள் ஒருத்திதான். அவள் அப்பா அம்மனுக்குப் பம்பை அடிப்பவர். நல்ல மனிதர், ஆனால் பிடித்தால் பிடித்த பிடி. அவர் அவளிடம் தீர்மானமாகச் சொல்லியிருந்தார்: "மலாய் வந்தா பட்டணத்துப் பள்ளிக்கு அனுப்புறேன். வராட்டி நீ ஆத்தா கூடப் போயி மங்கு தொடைக்கலாம்." மரத்தில் பால் பிடிக்கும் அந்தக் கிண்ணத்தைத் துடைத்துத் துடைத்து அவள் அம்மாவின் விரல்நுனியெல்லாம் கறுத்துக் கிடந்தது. அவளுக்கு அந்தச் சாயங்கால வகுப்பு ஒன்றுதான் வழி. டீச்சருக்கும் அது தெரியும். அவளைத்தான் முன்வரிசையில் உட்காரவைப்பார்.

வகுப்பைக் கெடுத்தது ரொட்டி. செவ்வாய்க்கிழமைகளில் சர்ச்சில் வேண்டுதலுக்கு ரொட்டி கொடுப்பார்கள். மீந்ததை டீச்சர் பிளாஸ்டிக் கூடையில் வைத்துக் கொண்டுவருவார். பசியோடு உட்கார்ந்திருக்கும் நமக்கு ஆளுக்கொரு துண்டு. மேல்தோல் பளபளவென்று, கொஞ்சம் இனிப்பாக இருக்கும். எந்தக் குட்டியோ வீட்டில் போய் "சாமி ரொட்டி சாப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டது. அவ்வளவுதான். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் கூட்டம் போட்டார்கள்.

என் அப்பா வேலைக்காட்டில் மண்டோர், ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. கோயில் தலைவரும் அவர்தான். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, பம்பைக்காரர்தான் அதிகம் பேசினார். "இன்னிக்கு ரொட்டி குடுப்பாங்க. நாளைக்குத் தலையில தண்ணி ஊத்துவாங்க. அப்புறம் முடிஞ்சிச்சு லா, நம்ம பிள்ளைங்க நம்ம பிள்ளைங்க இல்ல." அப்பா ஒன்றும் மறுத்துச் சொல்லவில்லை. பள்ளி விட்டபின் பிள்ளைகள் யாரும் அங்கே இருக்கக்கூடாது என்று முடிவாயிற்று. திங்கட்கிழமை தலைமையாசிரியர் டீச்சரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். தோழி அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுப் பின்பக்கம் வந்து உட்கார்ந்து, சருகைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அந்தப் புதன்கிழமை வந்தது.

அன்று டீச்சர் பாதையில் நடந்து வரும்போது நெற்றி நிறையச் சாம்பல். காலையிலேயே வெயில் ஏறியிருந்தது, வியர்வையில் அது கரைந்து பட்டையாக இழுத்துக்கொண்டிருந்தது. நம் கோயில் விபூதி கடை விபூதி இல்லை, பூசாரி சாணி உருண்டையைச் சுட்டு இடித்தது. அதுவும் சாம்பல் நிறம்தான். குழாயடியில் நின்ற பெண்கள் குடத்தை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். பள்ளியில் வேலை செய்யும் ஆயா கிட்டே போய் டீச்சரின் கன்னத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. பத்து மணி ஓய்வுக்குள் செய்தி காட்டுக்குள் போய்விட்டது. மாரியம்மன் டீச்சரைக் கூப்பிட்டுவிட்டாள், டீச்சர் விபூதி பூசிக்கொண்டு வந்துவிட்டார்.

வேலை முடிந்து வந்த பம்பைக்காரர் நேராகக் கோயிலுக்குப் போய்ச் சூடம் ஏற்றினார். அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்று ஒருமுறைதான். "நான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். ஆத்தா என்னைய வெக்கப்பட வச்சிட்டா," என்று யாரைப் பார்த்தாலும் சொன்னார்.

ஆயா கண்ணில் ஒற்றிக்கொண்டபோதுதான் டீச்சருக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும். அன்று முழுவதும் அவர் முகம் சரியில்லை. அன்று சாயங்காலமே எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா என்னை ஆட்டுக்குத் தழை ஒடித்து வரச் சொல்லி விரட்டினார். வேலிப்பக்கம் நின்று பார்த்தேன். பலாமரத்தடியில் டீச்சர் நின்றுகொண்டே பேசினார், இரண்டு மூன்று தடவை நெற்றியைத் தொட்டுக் காட்டினார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு கேட்டார், பிறகு தலையை ஆட்டி மெதுவாக ஏதோ சொன்னார். பேச்சு எனக்குக் கேட்கவில்லை. டீச்சர் எங்கள் கோயிலில் சேர அனுமதி கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பதினோரு பன்னிரண்டு வயதுக்கு அதற்குமேல் என்ன தோன்றும்.

மறுநாள் அப்பா கோயில் மணியை அடித்து ஆட்களைக் கூட்டினார். "டீச்சர் பாடம் நடத்தட்டும். கோயில் கொட்டகையிலயே நடத்தட்டும். யாரும் ஒண்ணும் பேசக்கூடாது," என்றார். டீச்சர் மாறிவிட்டார் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

அந்தச் சில வாரங்கள்தான் நம் பிள்ளைப்பருவத்தில் நல்ல வாரங்கள். நீங்கள் யாரும் மறுக்கமாட்டீர்கள். மரங்கள் துளிர்விட்டன, பூ வாசனை மூக்கை அடைத்தது. கொட்டகைத் தரை குளிர்ச்சியாக இருக்கும். அம்மனுக்கு முன்னால் உட்கார்ந்து மலாய் வாசிப்போம். வீடுகளிலிருந்து டீச்சருக்கு முருங்கைக்கீரை, நாட்டுக்கோழி முட்டை, மரவள்ளிக்கிழங்கு என்று வந்துகொண்டே இருந்தது. இத்தனை நாள் முகம் கொடுக்காதவர்கள் "டீச்சர், சாயா குடிச்சிட்டுப் போங்க," என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். சாயாவைக் குடிப்பார், வேறு எதையும் தொடமாட்டார். அது அவர்களுக்குத் தவக்காலம், நோன்பு என்று நமக்கு யார் சொன்னார்கள்? அவர் நாளுக்கு நாள் மெலிந்தார். படிப்பு மட்டும் நன்றாக ஏறியது. தோழி ஒரு பக்கம் முழுவதையும் நிறுத்தாமல் வாசித்தபோது பம்பைக்காரர் கொட்டகைத் தூணில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு சொல் அவருக்குப் புரியவில்லை. ஆனால், "போலாம் நீ, பட்டணத்துக்குப் போலாம்," என்றார். அவள் அன்று என் தோளில் கடித்துவிட்டாள், சந்தோஷத்தில்.

பங்குனித் திருவிழாவில் தீ மிதித்து முடிந்ததும் மரியாதை செய்தார்கள். முதல் மரியாதை டீச்சருக்கு என்று கமிட்டியில் பேசி வைத்திருந்தார்களாம். அம்மன் கழுத்தில் கிடந்த மாலையைப் பூசாரி எடுத்துக் கொடுக்க, என் அம்மா டீச்சர் கழுத்தில் போட்டார். பம்பை காதைப் பிளந்தது. டீச்சர் சங்கிலியில் இருந்த சிலுவை மாலைக்குள் போய்விட்டது. நான் எதிரே நின்றேன். அவர் கண்ணை மூடியிருந்தார், உதடு மட்டும் அசைந்தது. கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது, டீச்சர் அம்மனை வேண்டுகிறார் என்று. அவர் யாரிடம் என்ன கேட்டுக்கொண்டிருந்தார் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

திருவிழாவுக்கு வளையல் வாங்கவும் வேடிக்கை பார்க்கவும் பட்டணத்திலிருந்து ஆட்கள் வருவார்கள் அல்லவா. அதில் சர்ச்சுக்காரர்களும் இருந்திருக்கிறார்கள்.

சில நாள் கழித்து, பெரட்டுக் களத்தில், காலையில் பேர் கூப்பிடும் அந்த இடத்தில், ஆண்கள் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கொட்டகையில் நம் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. மோட்டார் சைக்கிளில் சர்ச் உபதேசியார் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் தோல்பை. சண்டைக்கு வந்தவர் போல இல்லை. மரியாதையாகத்தான் கேட்டார்.

"தலைவரே, ஒரு விசயம் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். எங்க டீச்சருக்கு நீங்க அம்மன் மாலை போட்டீங்களாம். அங்க ஒரே பேச்சா இருக்கு."

பம்பைக்காரர் கயிற்றை விட்டுவிட்டு வந்தார். "போட்டா என்னாங்க? அவங்கதான் விபூதி பூசிக்கிட்டு நம்ம பக்கம் வந்துட்டாங்களே."

"எப்போ பூசினாங்க?"

"அன்னிக்குப் புதன்கெழம. தோட்டமே பாத்துச்சு."

உபதேசியாருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "அண்ணே, அது சாம்பல் புதன் லா. வருசா வருசம் எங்க எல்லாருக்கும் சாமியார் பூசிவிடுவாரு. குருத்தோலைய எரிச்ச சாம்பல் அது. எனக்கும்தான் பூசினாங்க."

பந்தல் மேலே நின்றவன் ஒருவன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பு இல்லாமல் இருந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம். பம்பைக்காரர் முகம் வெளிறிப்போனது. சூடம் ஏற்றி அழுத மனிதர் அல்லவா. அவர் அப்பாவைப் பார்த்து, "தலைவரே, ஒங்களுக்கு இது தெரியுமா?" என்று கேட்டார்.

நாமெல்லாம் கொட்டகை வாசலுக்கு வந்துவிட்டோம். டீச்சரும் வந்து நின்றார். அப்பா டீச்சரைப் பார்க்கவில்லை.

"எனக்கு எப்படித் தெரியும்? அந்தம்மா சொல்லலியே. நம்ம எல்லாரையும் ஏமாத்திட்டாங்க," என்றார்.

டீச்சர் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "எல்லார்கிட்டயும் நான் சொல்லியிருக்கணும். தப்பு எம்மேலதான்," என்றார். உள்ளே போய்க் குடையை எடுத்துக்கொண்டு நடந்தார். சிவப்புக் கண்ணாடி கொட்டகையிலேயே கிடந்தது. பிறகு அது என்ன ஆனதென்று தெரியவில்லை.

பின்னால் நடந்ததை நாம் எல்லோரும் அறிவோம். கொட்டகையைக் கழுவிவிட்டார்கள். கீரை கொடுத்த பெண்களே அவர் வரும்போது குழாயடியில் காறித் துப்பினார்கள். சர்ச்சிலும் விடவில்லை. பாட்டுக்குழுவில் நிற்க வேண்டாம், பிள்ளைகளுக்கு வேதம் சொல்லித்தர வேண்டாம் என்று சொல்லி, ஈஸ்டர் அன்றும் பின்வரிசையில் உட்கார வைத்தார்களாம். இங்கே மதம் மாற்ற வந்தவர், அங்கே மதம் மாறிப் போனவர். நாடு முழுக்க இரண்டு சாமிக்கும் இடம் இருந்தது, டீச்சர் ஒருவருக்குத்தான் இரண்டிலும் இடம் இல்லை. அடுத்த பள்ளித் தவணைக்குள் அவர் பாரிட் புந்தார் பக்கம் மாற்றலாகிப் போனார். நாம் யாரும் வழியனுப்பப் போகவில்லை. போகவிடவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.

என் தோழியைப் பம்பைக்காரர் அந்த வருடத்தோடு நிறுத்தினார். ஆறாம் வகுப்பு முடிந்த மறுவாரமே அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு அம்மா பின்னால் காட்டுக்குப் போனாள். என்னை மட்டும் அப்பா சத்தமில்லாமல் ஈப்போவில் அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டார். நான் படித்தேன், தாதியானேன், பென்சன் வாங்குகிறேன். விடுமுறைக்கு வரும்போது அவள் என்னை 'வாங்க' என்றாள். அதற்கு முன்னால் 'வாடி' என்றுதான் கூப்பிடுவாள். அது ஏன் மாறியது என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.

டீச்சர் அங்கே போயும் சும்மா இருக்கவில்லை என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நெல் வயல் நடுவில் இருந்த பள்ளி, முதியோர் இல்லத்துக்குச் சோறு, ஆஸ்பத்திரிப் படுக்கைகளுக்கு நடுவே ஜெபம். சர்ச்சும் பிறகு அவரைக் கொண்டாடியது. கடைசி வருடங்களில் ஈப்போவுக்கு வந்து தங்கை வீட்டில் இருந்தார். நான் இரண்டொரு தடவை போய்ப் பார்த்தேன். தோட்டத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை குறைசொல்லிக் கேட்டதில்லை. அப்பா நன்றாகச் சாப்பிடுகிறாரா என்று மட்டும் கேட்பார்.

செய்தி வந்த அன்று நான் முதலில் கூப்பிட்டது தோழியைத்தான். பேரங்காடியில் கூட்டித் துடைக்கும் வேலையை முதுகுவலியால் இப்போதுதான் விட்டிருக்கிறாள். "நான் வரல," என்றாள். "எங்கப்பா ரொட்டியக்கூடத் தாங்கிக்குவாரு. பொய்யத்தான் அவரால தாங்கிக்க முடியல. அந்தம்மா முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருந்தா என் பொழப்பு வேற மாதிரி இருந்திருக்கும். நீங்க போய்ட்டு வாங்க."

அப்பாவுக்கு எண்பத்தைந்து தாண்டிவிட்டது, என்னோடுதான் இருக்கிறார். காப்பி கொடுத்துக்கொண்டே சொன்னேன். "எந்த டீச்சர்?" என்றார். அவருக்குத் தெரியும். காப்பி ஆறி ஆடை படிந்தபின், "நானும் வாரேன்," என்றார்.

சர்ச்சில் உங்களில் பலரும் இருந்தீர்கள். பழைய தலைவரே வந்திருக்கிறார் என்று கையைப் பிடித்துக்கொண்டீர்கள். பேசச் சொல்லி ஒலிவாங்கியைக் கொடுத்தார்கள். அப்பா ஊன்றுகோலைப் பிடித்தபடி நின்று, "நல்ல டீச்சர்," என்றார். மறுபடியும், "ரொம்ப நல்ல டீச்சர்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பழையதை மனதில் வைத்துக்கொள்ளாமல் வந்தாரே, என்ன பெருந்தன்மை என்று வாசலில் என்னிடம் சொன்னீர்கள். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். குழுவிலும் அவர் படத்தைப் போட்டு மாலை மாலையாகப் பூ அனுப்பினீர்கள்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் சொன்னார். பாதி வழியில், சிக்னலில் நிற்கும்போது.

"அன்னிக்கு மரத்தடியில அந்தம்மா என்கிட்ட சொல்லிருச்சு. இது எங்க சர்ச்சு சாம்பல், ஒங்க ஆளுங்க தப்பா நெனச்சுக்கிட்டாங்க, நீங்களே சொல்லிடுங்கனு. நான்தான் வேணாம்னேன். வகுப்பு நடக்கட்டும், பிள்ளைங்க படிக்கட்டும், நீங்க பேசாம இருங்க, பின்னாடி நான் பாத்துக்கிறேன்னு சொன்னேன்."

பின்னால் வண்டிக்காரன் ஆரன் அடித்தான். ஓரமாக நிறுத்தினேன்.

"மாலையும் வேணாம்னு கெஞ்சுச்சு. மாட்டேன்னா வகுப்பு போயிரும்னு நான்தான் சொன்னேன்," என்றார்.

"அப்புறம் ஏம்பா எல்லார் முன்னாலயும் அப்படிச் சொன்னீங்க?"

"பந்தல் மேல நின்னவன் சிரிச்சான். எல்லாரும் என் மூஞ்சியப் பாத்தாங்க. வாய் தானா சொல்லிருச்சு. அந்தம்மா இல்லைனு சொல்லும், மாட்டிக்குவேன்னு நெனச்சுக்கிட்டு நின்னேன். அது சொல்லல. அதுக்கப்புறம் நான் எப்படிச் சொல்றது?"

அவர்மேல் எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. என்னைத் தூக்கி வளர்த்தவர், என்னைப் படிக்க வைத்தவர். அவர் வகுப்பைக் காப்பாற்ற நினைத்தது நிஜம், அதில் குறைசொல்ல மாட்டேன். ஆனால் விலை கொடுக்க வேண்டிய நேரத்தில் டீச்சரைக் கொடுத்தார், பம்பைக்காரர் பெண்ணையும் சேர்த்துக் கொடுத்தார், தன் பெண்ணை மட்டும் ஈப்போவுக்கு அனுப்பிவிட்டார். டீச்சர் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. அவர் அன்று வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒரு மனிதரின் மானத்தைக் காப்பாற்றுவதுதான் தன் மதம் என்று நினைத்தாரோ என்னவோ. அந்த மௌனத்தில் ஒரு பிள்ளையின் படிப்பும் சேர்ந்து போகும் என்று அவருக்கு அந்த நிமிடத்தில் தோன்றியிருக்காது. பிறகு தோன்றியிருக்கும். எத்தனையோ இரவு தோன்றியிருக்கும்.

"அவகிட்ட நீங்க சொல்லணும்பா," என்றேன். பெயர் சொல்லவில்லை, அவருக்குப் புரிந்தது.

"இந்த வயசுல எதுக்குமா அதெல்லாம்?"

"அவளுக்கும் வயசாயிருச்சுப்பா."

காரை விட்டு இறங்கும்போது, "நீ எழுது. எல்லாரும் படிக்கட்டும்," என்றார்.

அதனால் இனி நான் எழுதுவது உனக்கு மட்டும். இந்தக் குழுவில் நீ இருக்கிறாய், ஒன்றும் போடாமல் எல்லாவற்றையும் படிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். உன்னைத் தனியாகக் கூப்பிட்டு இதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் டீச்சர் மேல் பழி விழுந்தது பெரட்டுக் களத்தில், எல்லோர் கண்முன்னால். அது இறங்குவதும் எல்லோர் கண்முன்னால்தான் இருக்க வேண்டும். அவர் மறைக்கவில்லை. அன்றைக்கே வந்து சொன்னார். உன் அப்பாவிடமிருந்து அதை மறைத்தது என் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை அவரை உன் வீட்டுக்கு அழைத்து வருகிறேன். உன் கதவை நீ திறக்க வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். திறக்காவிட்டால், வாசல் கேட்டுக்கு வெளியே நின்றே சொல்லிவிட்டு வருவதாக அப்பா சொல்கிறார். அக்கம்பக்கத்தார் கேட்டாலும் பரவாயில்லையாம்.